வீட்டில் கட்டிய காரில் ரேடியேட்டர் டிரெயின் பிளக் ஒழுகினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஒரு தென்னந்தோப்பின் தகரக் கொட்டகையில், நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டு இருக்கை கொண்ட கார் ஒன்றைக் கட்டினோம். குழாய்ச் சட்டம் எங்கள் கைவேலை. பின்புறம் வைத்திருப்பது மாருதி 800-இன் 796 சி.சி. மூன்று சிலிண்டர் எஞ்சின். முன்புறம் இருப்பது தனியாகச் செய்வித்த அலுமினிய ரேடியேட்டர். கார் ஓடத் தொடங்கிய பிறகு எங்களை அதிகம் அலைக்கழித்தது ரேடியேட்டரின் அடியில் இருக்கும், சுண்டுவிரல் பருமனே உள்ள, நீரை வடிக்கத் திறக்கும் டிரெயின் பிளக்தான். எல்லைக்கு இந்தப் பக்கமும் பொள்ளாச்சிப் பக்கமும் கார் கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்கள் அதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சொட்டு பிளக்கின் நுனியில்தான் தொங்குகிறது. அப்படியானால் ஒழுகுவது பிளக்தானே?

அப்படி முடிவு கட்டிவிட வேண்டாம். ரேடியேட்டரின் மிகத் தாழ்ந்த இடம் பிளக். மேலே எங்கே கசிந்தாலும் நீர் வழிந்து வந்து அங்கேதான் சொட்டும். மேல் ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கலாம். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியக் கூடும் மடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும் விளிம்பில் ரப்பர் சோர்ந்து போயிருக்கலாம். கூட்டின் மெல்லிய குழாய் ஒன்றில் ஊசித்துளை விழுந்திருக்கலாம். ஒரு நண்பர் தம் வண்டியில் மூன்று நாட்கள் பிளக்கை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். நீரோ நான்கு விரற்கடை மேலே, தொட்டியின் விளிம்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

கண்டுபிடிக்க எளிய வழி முகப்பவுடர். ரேடியேட்டரின் அடிப்பாகம் முழுவதையும் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு, பிளக்கைச் சுற்றியும் அதற்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கும் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, பிறகு கைவிளக்கை வைத்துப் பார்த்தால், கசிவு புறப்படும் இடத்திலிருந்து ஈரக்கோடு ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருப்பது தெரியும். ரேடியேட்டர் பழுது பார்க்கும் கடைகளில் மூடிக்குப் பதிலாகப் பொருத்தி அழுத்தும் கைப்பம்பு இருக்கும். அது கிடைத்தால் எஞ்சினைச் சூடாக்காமலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடலாம்.

எங்கள் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் மேல்காற்று, திறந்த கொட்டகையில் நிற்கும் வண்டியின் சொட்டுகளை விழுவதற்கு முன்பே உலர்த்திவிடும். தரையில் ஈரம் இல்லை என்பதால் ஒழுகவில்லை என்று நினைத்துக்கொள்ளாமல், பிளக்கின் ஓரத்தில் கூலன்ட்டின் (ரேடியேட்டர் நீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவத்தின்) நிறத்தில் உப்புப் படிந்தாற்போல் காய்ந்த கறை இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுத்தியிருக்கும்போது ஒரு சொட்டும் இல்லை. ஓட்டி வந்தால் ஒழுகுகிறது. ஏன்?

குளிர்ந்த ரேடியேட்டரில் பிளக்கின் மேல் ஓர் அடி உயர நீரின் எடை மட்டுமே நிற்கிறது. சூடான ரேடியேட்டரில் மூடியின் வில் தாங்கும் அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 0.9 பார் அதிகமான அழுத்தம் வரை அது பிடித்துவைக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரிக்குப் பதிலாக 118 டிகிரிக்குச் சற்று மேலேதான் கொதிக்கும். மூடி இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அதே அழுத்தம் பிளக்கின் இருக்கையில், அதாவது பிளக் வந்து உட்காரும் பரப்பில், உள்ள மயிரிழை இடைவெளியையும் கண்டுபிடித்துவிடும். ஆகவே குழாயடியில் நீர் நிரப்பிப் பார்த்து, ஒழுகவில்லை என்று திருப்தி அடைவதில் பயன் இல்லை.

இதற்கு நேர்மாறாக, இரவில் குளிர்ந்த பிறகு மட்டும் சொட்டுகிறது என்றால் ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். சூட்டில் எல்லாம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது. குளிரும்போது பழைய ரப்பரால் அதைப் பின்தொடர்ந்து நிரப்ப முடிவதில்லை.

இன்னும் கால் சுற்று இறுக்கினால் நின்றுவிடாதா?

பிளாஸ்டிக் பிளக் என்றால் கையால் இறுக்குவதோடு நிறுத்துங்கள். ஸ்பானரோ பிளையரோ அதைத் தொடவே கூடாது. அதன் தலையில் பட்டாம்பூச்சி இறக்கை போன்ற பிடி வைத்திருப்பதே, இரண்டு விரல்களின் பலம் போதும் என்பதற்காகத்தான். உலோகப் பிளக்கிலும், சரியான வாஷர் சரியான பரப்பில் உட்கார்ந்திருந்தால், சாதாரண இறுக்கத்திலேயே ஒழுக்கு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கோளாறு இறுக்கத்தில் இல்லை.

அப்படியானால் நீரை அடைப்பது உண்மையில் எது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். கடையில் வாங்கிய காருக்கு உதிரிபாகப் பட்டியல் உண்டு; எண்ணைச் சொன்னால் அதற்குரிய பிளக் வரும். நாம் கட்டிய காருக்குப் பட்டியல் இல்லை. ரேடியேட்டர் ஒரு வண்டியுடையதாகவும், பிளக் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கிடைத்ததாகவும், வாஷர் மேசை இழுப்பறையில் கிடந்ததாகவும் இருக்கும். எனவே கையில் இருக்கும் பிளக் எந்த முறையில் நீரை அடைக்கிறது என்பதை நாமே பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகையில் மரையே (திருகு வரியே) அடைக்கிறது. பிளக் அடியை நோக்கி மெல்ல ஒடுங்கி வரும். ஏற ஏற ஆப்பு போல இறுகி, மரையோடு மரை நசுங்கி நீரைத் தடுக்கும். பழைய பித்தளை ரேடியேட்டர்களிலும் தண்ணீர்க் குழாய்ச் சாமான்களிலும் இதைக் காணலாம். இதற்கு வாஷர் தேவையில்லை. பிளக்கின் தலை துளையின் வாயில் முட்டும்வரை இறுக்கவும் கூடாது.

இரண்டாம் வகையில் பிளக் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்கும். இங்கே மரையின் வேலை பிளக்கை இழுத்துப் பிடிப்பது மட்டுமே. அடைப்பது தலைக்கு அடியில் உள்ள செம்பு, அலுமினிய அல்லது ஃபைபர் வாஷர். தலையின் அடிப்பரப்பும் வாயின் பரப்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும் கீறல் இல்லாமலும் இருந்தால்தான் அந்த வாஷரால் பயன் உண்டு. பற்றவைத்த வாயில் வெல்டிங்கின் பொட்டு ஒன்று மேடாக நின்றால்கூட வாஷர் ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். பழைய செம்பு வாஷரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடியும் மென்மையாகிவிடும்.

மூன்றாம் வகை, பிளாஸ்டிக் தொட்டியில் வரும் பிளாஸ்டிக் பிளக். இதில் அடைப்பது ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் அல்லது நுனியில் உள்ள கூம்பு ரப்பர். மரை தாராளமாகவும் கொஞ்சம் ஆட்டத்தோடும் இருக்கும். அது குறை அன்று, அப்படித்தான் இருக்க வேண்டும்.

புதுப் பிளக் இரண்டு மூன்று சுற்று சரளமாக ஏறியது. பிறகு நன்றாக இறுகிவிட்டது. ஆனாலும் ஒழுகுகிறதே?

எங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. ரேடியேட்டரின் வடிகால் வாயை ஒரு லேத் பட்டறையில் கடைந்து, ஆர்கான் வெல்டிங்கில் பொருத்தினோம். 10 மில்லிமீட்டர் பருமன், 1 மில்லிமீட்டர் மரை என்று அங்கே உள்மரை வெட்டிக் கொடுத்தார்கள். பிளக்கை மட்டும் வேறொரு கடையில், தண்ணீர்க் குழாய்ச் சாமான்களுக்கு நடுவே பொறுக்கி எடுத்து வந்தோம். அது அரைக்கால் அங்குல பி.எஸ்.பி. (தண்ணீர்க் குழாய்களுக்கான பிரிட்டிஷ் தர) மரை கொண்டது. அதன் பருமன் 9.73 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 28 மரை, அதாவது மரைக்கு மரை ஏறத்தாழ 0.91 மில்லிமீட்டர்.

பிளக் துளையைவிடச் சற்றே மெலிந்தது என்பதால் தொடக்கத்தில் தடையே இல்லாமல் உள்ளே போனது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மரைகளுக்கும் இடையே பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு நெருக்கமான வேறுபாடு சேர்ந்துகொண்டே வந்தது. ஐந்து சுற்றில் அது அரை மரை அளவை எட்டிவிடும். அதற்கு முன்பே மரைகள் ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டன. ஸ்பானரில் கைக்கு நல்ல இறுக்கம் தெரிந்தது. மரை மரையோடு இறுகியதால் வந்த அந்த இறுக்கத்தில், வாஷரின் மேல் பளு விழவே இல்லை. வாஷரை வெளியே எடுத்துப் பார்த்தபோது அதில் அழுந்திய தடம் ஒரு பக்கத்தில்கூட இல்லை என்பதைக் கண்ட பிறகுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. பட்டறைக்காரர்மேல் குற்றம் ஏதுமில்லை. என்ன பிளக் போடப் போகிறோம் என்று நாங்கள் அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே வாஷரைப் போடாமல் பிளக்கை வெறும் விரலால் சுற்றிப் பாருங்கள். சரியான மரை என்றால் தலை வாயைத் தொடும்வரை விரலாலேயே போய்விட வேண்டும். (ஒடுங்கும் பிளக்குக்கு இந்தச் சோதனை பொருந்தாது.) பருமன் அளக்கும் வெர்னியரும் மரை இடைவெளி பார்க்கும் மரை கேஜும் இருந்தால் ஐயம் முற்றிலும் தீர்ந்துவிடும். கடைக்குப் போகும்போது, பாலக்காட்டில் ‘பிரி’ என்று கேட்க வேண்டும், பொள்ளாச்சியில் ‘மரை’ என்று கேட்க வேண்டும். பழைய பிளக்கைக் கையில் கொண்டுபோனால் இரண்டு ஊரிலும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

டெஃப்லான் டேப் சுற்றலாமா?

ஒடுங்கும் மரைக்குச் சுற்றலாம். பிளக் ஏறும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று போதும், நுனியின் முதல் மரையை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் பிய்ந்த துணுக்கு ரேடியேட்டருக்குள் போகும். வாஷர் அல்லது ஓ-ரிங் அடைக்கும் பிளக்கில் டேப் சுற்றுவது வீண் வேலை. பிளாஸ்டிக் வாயில் அது கேடும் செய்யும்: தடித்த டேப் வாயை உள்ளிருந்து விரித்து விரிசல் விட வைக்கும்.

எந்த ஓ-ரிங் வாங்க வேண்டும்?

கடையில் ரப்பர் வளையம் என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஆயிலுக்கு உரிய நைட்ரில் வளையத்தை எடுத்துத் தருவார்கள். சூடான கூலன்ட்டுக்கு ஏற்றது ஈ.பி.டி.எம். ரப்பர், பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு என்பதால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஈ.பி.டி.எம். வளையத்துக்குப் பெட்ரோலியம் சார்ந்த கிரீஸ் ஆகாது, ஊறி உப்பிவிடும். சிலிக்கான் கிரீஸைத் தொட்டுத் தடவலாம், அதுவும் இல்லையென்றால் கூலன்ட்டிலேயே நனைத்துப் போடலாம். வளையம் பள்ளத்தில் உட்கார்ந்த பிறகு சற்றே வெளியே துருத்தி நிற்க வேண்டும். பூட்டும்போது அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நசுங்கினால் நன்றாக அடைக்கும்.

பிளக்கைக் கழற்றும்போது எல்லா நீரையும் வடிக்கத்தான் வேண்டுமா?

முதலில் எச்சரிக்கை: எஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியையும் பிளக்கையும் தொடாதீர்கள். மேல் ஹோஸைக் கையால் இறுகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆறிய பின், மூடியைத் திறக்காமல், கூலன்ட் பாட்டிலுக்குப் போகும் சிறு குழாயை மடக்கிக் கட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றினால், உள்ளே காற்று புக வழியில்லாததால் நீர் மிக மெதுவாகவே வரும். புதுப் பிளக்கை வாஷரோடு கையில் தயாராக வைத்துக்கொண்டு, பழையதை எடுத்த உடனே துளையைக் கட்டைவிரலால் அடைத்து மாற்றிவிடலாம். சிறு குழாயை மடக்க மறந்தால், மூடியில் உள்ள சின்ன வால்வு பாட்டிலிலிருந்து நீரை உறிஞ்சிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சட்டைக் கை முழுவதும் கூலன்ட் ஆகும். இருக்கையின் பரப்பைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் இந்தக் குறுக்குவழி உதவாது. மூடியைத் திறந்து முழுவதும் வடித்துவிடுங்கள்.

மரை தேய்ந்துபோனாலோ வாய் விரிசல் விட்டாலோ என்ன செய்வது?

அது ரேடியேட்டரின் உலோகத்தைப் பொறுத்தது. பித்தளைத் தொட்டி என்றால் கவலையே இல்லை: ரேடியேட்டர் கடையில் பழைய வாயை உருக்கி எடுத்துவிட்டுப் புது வாயை ஈயத்தால் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திக் காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துத் தருவார்கள். அலுமினியம் என்றால் சற்றுப் பெரிய அளவில் புதிதாக உள்மரை வெட்டலாம், அல்லது வாயையே அறுத்துவிட்டு ஆர்கான் வெல்டிங்கில் வேறொன்றைப் பொருத்தலாம். அலுமினிய வாயில் பித்தளைப் பிளக்கை நீண்ட நாள் விட்டுவைத்தால், குறிப்பாகக் கூலன்ட் போடாமல் வெறும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தால், இரண்டு உலோகங்களும் சேருமிடத்தில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். அலுமினியப் பிளக்கே கிடைத்தால் அதைப் போடுங்கள். பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல் என்றால் என் கருத்தில் வேறு ரேடியேட்டரோ வேறு தொட்டியோதான் வழி.

எம்-சீல் பூசி அடைத்தால் என்ன? மஞ்சள்தூள் போடச் சொல்கிறார்களே?

இந்தத் தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானால் ஆனவை. நைலானில் பசை எளிதில் பிடிப்பதில்லை. சூடும் அழுத்தமும் மாறி மாறி வரும்போது பூச்சு ஓட்டோடு பெயர்ந்து வரும். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டு சேர்க்கும் வரை தாங்கினால் போதும் என்றால் பூசிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குப் பிறகு பிளக்கைக் கழற்றவே முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மஞ்சள்தூள் லாரிக்காரர்களின் பழைய கைமருந்து. கூட்டில் உள்ள ஊசித்துளையில் அது சில நேரம் வேலை செய்யும். பிளக்கின் இருக்கையில் செய்யாது. மாறாக, மெல்லிய குழாய்களில் படிந்து, ஒழுகும் ரேடியேட்டரை ஒழுகவும் செய்கிற, குளிர்விக்கவும் செய்யாத ரேடியேட்டராக ஆக்கிவிடும். சாம்பாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிளக், வாஷர், மரை எல்லாம் சரி. ஒரு மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது. இப்போது எதைப் பார்ப்பது?

ரேடியேட்டரை எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். ஆலையில் செய்த கார்களில் ரேடியேட்டர் ரப்பர் புஷ்களின் மேல் மிதந்துகொண்டிருக்கும். நாமோ நான்கு போல்ட்டுகளைப் போட்டு அதைச் சட்டத்தோடு அசையாமல் பிணைத்துவிட்டு, பலமாகக் கட்டினோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். வரப்பு ஏறி இறங்கும்போது குழாய்ச் சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு முழுவதும் ரேடியேட்டருக்குப் போய்ச் சேரும். மூன்று சிலிண்டர் எஞ்சினின் நடுக்கமும் அதே குழாய்கள் வழியாக வந்து, பிளக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தும்.

கீழே இரண்டு ரப்பர் இருக்கைகள், மேலே இரண்டு ரப்பர் பிடிப்புகள் என்று மாற்றிய பிறகுதான் எங்கள் பிளக் அமைதியானது. அதோடு, பிளக் சட்டத்தின் அடிக்குழாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; காய்ந்த தேங்காய் மட்டை ஒன்று போதும், அதன் தலையைத் தட்டிவிட. முடிந்தால் வாயைத் தொட்டியின் அடியில் வைக்காமல், பக்கவாட்டில் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். கைவிட இடமும் விடுங்கள். பிளக்கைத் தொட ரேடியேட்டரையே இறக்க வேண்டிய கார் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

திரும்ப நிரப்ப எந்தத் தண்ணீர் நல்லது?

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி. இந்த வட்டாரத்துப் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. கொதிகலன் போல உள்ளே ஓடு கட்டும். சிறுவாணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் ரேடியேட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டரே மேல்.

நிரப்பிய பிறகு எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது. பிளக்கால் வந்த கோளாறா?

இல்லை, காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. முன்னால் ரேடியேட்டரும் பின்னால் எஞ்சினும் உள்ள காரில் நீர்க்குழாய்கள் வண்டியின் நீளம் முழுவதும் ஓடுவதால், எங்கெல்லாம் குழாய் மேடாக வளைகிறதோ அங்கெல்லாம் காற்று தங்கிவிடும். நீர் ஊற்றும் வாய் மற்ற எல்லாவற்றையும்விட உயரத்தில் வரும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்பி, ஹோஸ்களை அமுக்கி அமுக்கி விட்டு, பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிடுங்கள். எஞ்சின் சூடானதும் நீருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் (82 அல்லது 88 என்று திறக்கும் டிகிரி பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும்) நீர்மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது மீண்டும் நிரப்பி மூட வேண்டும். மேடான வளைவில் காற்று வெளியேற்றும் சிறு திருகு ஒன்றை வைத்துவிட்டால் இந்தப் பாடு பாதியாகக் குறையும்.

சரிசெய்த பின் சாலையில் ஓட்டிச் சோதிக்கலாமா?

பதிவு பெறாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்ட 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருவதில்லை. எல்லையின் இரு பக்கமும் அதே சட்டம்தான். நாங்கள் தோப்புக்குள் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கிறோம். செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்துக்கு வண்டியை ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால், அங்கே கூலன்ட்டை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தடத்தில் சிந்தினால் எண்ணெய் போல வழுக்கும் என்பதால் பல பந்தயங்களில் வெறும் தண்ணீரை மட்டுமே அனுமதிப்பார்கள்.

வடித்த கூலன்ட்டை என்ன செய்வது?

வாய்க்காலிலோ தென்னை வட்டப்பாத்தியிலோ ஊற்றாதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. நாய் விரும்பி நக்கும், பூனையும் நக்கிவிடக்கூடும், சிறிதளவே சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும். கன்றுகாலிகளுக்கும் அது நஞ்சுதான். அகலமான தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி உயரத்தில் வையுங்கள். தெளிவாகவும் புதிதாகவும் இருந்தால் துணியில் வடிகட்டி அதே ரேடியேட்டருக்கு மீண்டும் பயன்படுத்தலாம்; கலங்கியதாகவோ துரு நிறத்திலோ இருந்தால், பழைய ஆயிலைச் சேர்த்து எடுத்துப்போகும் பட்டறையில், ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனாகக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதன்மேல் மணலைப் போட்டு அள்ளிவிட்டு, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவும்வரை நாயைக் கட்டி வையுங்கள்.